குளிர் வேருக்குத்தான்

டிசம்பர் கடைசியில் நெதர்லாந்தில் நாலு நாள் குளிர் விட்டுக் கொடுத்தால் போதும், பால்கனித் தொட்டிகளில் டியூலிப் முளை எட்டிப் பார்த்துவிடும். அது பூக்க வேண்டியது ஏப்ரலில். உறைபனிக் காலம் முழுசாகப் பாக்கி இருக்கிறது. பச்சை நுனியைப் பார்த்துப் பதறி, தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஹீட்டர் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. அந்தச் செடிக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

டியூலிப்பின் பூர்விகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். கோடையில் காய்ந்து கிடக்கும், குளிர்காலத்தில் பனி மூடும் பூமி. இலையுதிர் காலத்தில் ஒரு கிழங்கை வெங்காயம் மாதிரி நெடுக்காக அறுத்து, நடுக்குருத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், மூன்று பிரிவான சூலகம் என்று முழுப் பூவும் மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே தயாராக இருக்கும். கோடையிலேயே உருவாகிவிட்ட பூ அது. தண்டு நீண்டு அதை மேலே தூக்க வேண்டுமானால், 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். அந்த வாரங்களில்தான் கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பாதியில் கதகதப்பான அறைக்குப் போனால் பூ மண்ணோடு ஒட்டிக் குட்டையாக நிற்கும், இல்லையென்றால் மொட்டிலேயே கருகும்.

சரி, முளை உறைந்துவிடாதா? அதற்கும் அந்தச் சர்க்கரை உதவுகிறது. சர்க்கரை கரைந்த நீர் அவ்வளவு எளிதில் உறையாது. கடும் பனியில் ஐஸ் முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில்தான் கட்டும். உள்ளிருக்கும் நீர் வெளியே இழுபட, இலை துவண்டுவிடும். காலையில் டாஃபடில் இலைகள் தரையோடு படுத்திருப்பதைப் பார்த்தால் செத்தே போனது என்று தோன்றும். வெயில் ஏற ஏற நிமிர்ந்துவிடும்.

வேருக்கு அந்தத் தெம்பு கிடையாது. வயலில் அது தேவையும் இல்லை. சுற்றிலும் பூமி இருக்கிறது, குளிர் மேலிருந்து மட்டும் மெல்ல இறங்கும். தொட்டியிலோ நாலாபக்கமும் குளிர் ஏறுகிறது. ஈரமண் உறையும்போது நீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது. சுட்ட மண் தொட்டி விரிசல் விடுவது இதனால்தான். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தால் கிழங்கு மேலே தூக்கப்பட்டு வேர் அறும். டியூலிப் வேர் கிளை விடாது, அறுந்தால் அந்தப் பருவத்தில் மறுபடி வளராது. மேலே முளை பச்சையாக நிற்கும்போதே கீழே கதை முடிந்திருக்கும்.

ஆகவே போர்த்த வேண்டியது தொட்டியின் பக்கங்களை. சணல் சாக்கோ பபிள் ஷீட்டோ சுற்றலாம். தொட்டிகளை நெருக்கி, பகல் வெயில் படாத சுவரோரம் வைத்தால் அவசரமாக முளைப்பதும் குறையும். அடியில் செங்கல் கொடுத்துத் தண்ணீர் வடிய விடுங்கள். நனைந்த கிழங்கு குளிரால் சாவதற்கு முன் அழுகிச் சாகும். மண்ணின் மேல் வைக்கோல் பரப்பலாம், டச்சு விவசாயிகள் ஹயாசிந்த் வயல்களில் செய்வது போல. முளையைப் பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பல நாள் கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னால், ஹீட்டர் இல்லாத கார் ஷெட் போதும். மஸ்கரி என்ற கிழங்குப் பூச்செடியும் வைத்திருந்தால், அதன் இலையைக் கண்டு கவலையே வேண்டாம், இலையுதிர் காலத்திலேயே இலை விடுவது அதன் வழக்கம்.

மொட்டு வெளியே தெரிந்த பிறகு மட்டும் பயம் இடம் மாறுகிறது. இலையின் உறுதி மொட்டுக்கு இல்லை. பனி இரவுகளில் அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு, காலையில் எடுத்துவிட வேண்டும்.