எதிர்ப்புச் சக்தி அடங்க மறுத்தால்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிந்ததும் சொந்தபந்தமெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னது: "உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லப்பா. அதை ஏத்துற மாதிரி சாப்பிடு." சின்னம்மா ஒருவர் சத்துமாவு டப்பாவே பார்சலில் அனுப்பிவிட்டார். அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளியில் உயிரியல் நடத்திக் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெருங்குடலில் எதிர்ப்புச் சக்திக்குப் பஞ்சமே இல்லை. அது அடங்க மாட்டேன் என்கிறது, அதுதான் நோய்.

குடலுக்குள் இருக்கும் உணவுக்கும் நம் உடலுக்கும் நடுவே சுவராக நிற்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். அதற்கு அந்தப் புறம் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள். இந்தப் புறம் எதிர்ப்புச் செல்களின் பெருங்கூட்டம். காலையில் சாப்பிட்ட இட்லியின் உளுந்துப் புரதம்கூட உடலுக்கு அந்நியப் பொருள்தான். கண்ணில் படும் அந்நியத்தையெல்லாம் தாக்குவதென்றால் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குடல் தாங்காது. ஆகவே அங்குள்ள எதிர்ப்புச் செல்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தாக வேண்டும். சும்மா இருக்கவைக்கவும் ஆள் வேண்டுமே!

அந்த ஆளைத் தேடிப் போனவர் ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி. நெஞ்சுக்குள், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் முதிர்கின்றன. பிறந்த மூன்றாம் நாள் சுண்டெலியின் தைமஸை அகற்றினால் அதன் எதிர்ப்புச் சக்தி குன்றிப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ தலைகீழ்: எலியின் உடல் தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கியது. ஆரோக்கியமான எலியின் டி செல்களை அதற்குச் செலுத்தினார் சகாகுச்சி; தாக்குதல் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி செல்களிலேயே அடக்கும் வகை ஒன்று இருக்க வேண்டும். இது 1980களின் தொடக்கத்தில், நகோயாவில். அந்த வகையைப் பிரித்துக் காட்ட அவருக்கு 1995 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் 'அடக்கும் செல்' என்று பேசினாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய பிடிவாதத்தின் அருமை புரியும்.

அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் இறந்துவிடும் ஓர் எலி வம்சத்தை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடக்கும் செல்களை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்பது அடுத்த இரண்டே ஆண்டுகளில் உறுதியானது. அதே மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நிற்காத வயிற்றுப்போக்கு வருகிறது. பிரேக் இல்லாமல் பிறந்தால் முதலில் அடிவாங்கும் உறுப்புகளில் ஒன்று குடல்.

மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ராம்ஸ்டெல் செல்போனை ஏர்பிளேன் மோடில் வைத்துவிட்டு மலையில் நடந்துகொண்டிருந்ததால் செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நோபல் குழு இந்தச் செல்களைக் காவலர்கள் என்று வருணித்தது. எனக்கென்னவோ, தெருச் சண்டையில் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தும் ஊர்ப் பெரியவர் என்று சொல்வதே பொருத்தம்.

குடல் நோயோடு இந்தச் செல்களை நேராக முடிச்சுப் போட்டவர் பியோனா பவ்ரி. டி செல்களே இல்லாத எலிகளுக்கு 1993இல் ஒருவகை டி செல்களை மட்டும் கொடுத்தார். சில வாரங்களில் பெருங்குடல் வீங்கிப் புண்ணானது. கூடவே இன்னொரு வகையையும் சேர்த்துக் கொடுத்தபோது குடல் நன்றாகவே இருந்தது. அந்த இன்னொரு வகைக்குள் இருந்தவை அடக்கும் செல்கள்.

இவை அடக்குவது பல வழிகளில். பெருகத் துடிக்கும் டி செல்களுக்கு வேண்டிய இன்டர்லூக்கின்-2 என்ற ஊட்டப் பொருளை இவை தாமே உறிஞ்சிவிடும். தாக்குதலைத் தூண்டும் செல்களின் மேலுள்ள சமிக்ஞைகளைக் கழற்றிவிடும். இன்டர்லூக்கின்-10ஐச் சுரந்து சுற்றுப்புறத்தையே சாந்தமாக்கும். இந்தக் கடைசிப் பொருளை உணர முடியாமல் பிறந்த குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே கடும் குடல் அழற்சி வருவதை 2009இல் கண்டறிந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றம் அதைக் குணப்படுத்தியது.

அப்படியானால் அந்தப் பொருளை ஊசியாகப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. அழற்சியுள்ள குடலில் இன்னொரு புதிரும் உண்டு: அங்கே அடக்கும் செல்கள் குறைந்திருப்பதில்லை, பல நோயாளிகளிடம் கூடுதலாகவே இருக்கின்றன. தாக்கும் செல்கள் அவற்றின் பேச்சைக் கேட்பதில்லை. எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும் வியாதி இது என்று எளிமையாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்குண்டு. குடலில் வாழும் கிளோஸ்டிரிடியம் இனத்துப் பாக்டீரியாக்கள் அடக்கும் செல்களைப் பெருக்குகின்றன என்று 2011இல் ஜப்பானின் கென்யா ஹோண்டா குழு எலிகளில் காட்டியது. நார்ச்சத்தை நொதிக்கவைத்து இவை தரும் பியூட்டிரேட் என்ற பொருள் அதற்கு ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு நோய் உச்சத்தில் இருக்கும்போது கீரையும் கேழ்வரகும் அள்ளிச் சாப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் நாரைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர்களே அதிகம்.

அடக்கும் செல்களையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இன்று கையில் இருப்பவை மெசலமின், ஸ்டீராய்டு, 1998இல் கிரோன்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃபிலிக்சிமாப் போன்ற ஊசிகள். இன்ஃபிலிக்சிமாப் டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கிறது. காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் அதே டி.என்.எஃப்தான். அதனால்தான் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். நம் நாட்டில் இதில் இரட்டைச் சிக்கல்: குடல் காசநோயும் கிரோன்ஸும் கொலோனோஸ்கோபியில் பார்த்தால்கூட ஒன்றுபோலவே தோன்றும்; பயாப்ஸி எடுத்தும் சிலசமயம் குழப்பம் தீராது.

மலத்தில் ரத்தமோ சளியோ தொடர்ந்து வந்தால், "உடம்புச் சூடு", "மூலம்" என்று நீங்களாக முடிவு கட்டாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், வயிறு அடங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.