உங்களுக்குத் தெரியுமா? ஆறு ரயில்கள், ஒரு ரோபோ!

1987இல் ஜப்பானின் தகாரா நிறுவனம் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையில் வெளியிட்ட ஆறு ‘டிரெயின்பாட்’ பொம்மைகளில் ஒவ்வொன்றும் ரயிலிலிருந்து ரோபோவாக மாறும். ஆறும் இணைந்தால் ‘ரைடன்’ என்னும் பெரிய ரோபோ எழுந்து நிற்கும். ஆறையும் வாங்கவைக்கும் வியாபார உத்திதானே இது என்று கேட்கலாம். உத்தி மட்டுமே என்றால், ஒவ்வொன்றையும் வெறும் கையாகவோ காலாகவோ செய்திருந்தாலே போதும். ஆனால் 1964இல் ஓடத் தொடங்கிய 0 வரிசை புல்லட் ரயில், பனிப்பகுதிக்கென உருவான 200 வரிசை, மின்சார எஞ்சின், டீசல் எஞ்சின் என ஜப்பானின் உண்மையான ரயில்களையே மாதிரியாகக் கொண்டார்கள். அதனால் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் குழந்தைக்கும் முழு ரயிலும் முழு ரோபோவும் கிடைக்கின்றன. தன்னளவில் நிறைவானவை ஒன்றுசேரும்போதுதான் கூட்டுக்கு வலிமை. இந்தச் சின்னஞ்சிறு ரயில்கள் அதை விளையாட்டாகவே கற்றுத்தருகின்றன.