மிதிவண்டிக்கு ஒரு வழி

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் இந்தியா முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஊர்திகளின் இரைச்சல் ஓயாத பெங்களூரு அமைதியில் ஆழ்ந்தது. ‘நம்ம மெட்ரோ’ தொடர்வண்டிகள் ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடவில்லை. செப்டம்பர் 7ஆம் நாள்தான் மீண்டும் ஓடத் தொடங்கின.

கொரோனா நோய், நெருங்கி இருப்போரிடையே எளிதில் பரவியது. ஆகவே, தளர்வுகள் வந்த பின்னரும் நெரிசல் மிக்க பேருந்தில் ஏற மக்கள் தயங்கினர். மிதிவண்டியோ திறந்த வெளியில் தனித்துச் செல்ல உதவுவது, எரிபொருள் வேண்டாதது. உடற்பயிற்சிக் கூடங்களும் மூடிக் கிடந்தமையால், உடல்நலம் கருதியும் பலர் அதனை நாடினர். வீட்டு மூலையில் தூசி படிந்து கிடந்த மிதிவண்டிகள் பழுதுநீக்கப்பட்டுச் சாலைக்கு வந்தன.

முன்பிருந்தே மிதிவண்டியை நம்பி வாழ்வோரும் இந்நகரில் உளர். விடியற்காலையில் நாளிதழ் போடுவோர், காவற்பணிக்குச் செல்வோர், கட்டடத் தொழிலாளர் எனப் பலருக்கு அது பொழுதுபோக்கு அன்று. பிழைப்புக்கு உற்ற துணை.

நகரம் திறந்ததும் ஊர்திகள் திரும்பின. விரையும் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் இடையே மிதிவண்டி ஓட்டுவது இடர் நிறைந்தது. விருப்பம் மட்டும் போதாது. பாதுகாப்பான வழியும் வேண்டும். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரம் 2020 மார்ச்சிலேயே சாலையின் ஒரு பகுதியைத் தடுப்புகளால் பிரித்து மிதிவண்டிக்கு ஒதுக்கியது. பெங்களூருவிலும் அவ்வாண்டே வெளிவட்டச் சாலையில், சில்க் போர்டு சந்திப்புக்கும் கிருஷ்ணராஜபுரத்திற்கும் இடையே இத்தகைய பாதை திட்டமிடப்பட்டது. கர்நாடக அரசின் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்குநரகம் இதனை முன்னெடுத்தது. சாலையோரத்தில் குறுந்தூண்கள் நடப்பட்டன.

பின்னர் அதே சாலையில் மெட்ரோ கட்டுமானப் பணிகள் தொடங்கின; பாதை பல இடங்களில் மறைந்தது. மெட்ரோவும் நகருக்குத் தேவையே. ஆயினும், நிலையத்தில் இறங்குபவர் வீடு சேரவும், தொழிலாளி அஞ்சாமல் பணிக்குச் செல்லவும் மிதிவண்டிப் பாதை வேண்டும். நெருக்கடி ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்கலாம். அதனை நிலைக்கச் செய்வது நல்ல சாலையே.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு மிதிவண்டியில் பாதுகாப்பாகச் செல்ல இயலுமா? இயலாதெனில், வழியில் எவை மாற வேண்டும்?