பாரிஸில் ஒரு வாரம்: பட்ஜெட் போடுவது எப்படி?

ஐரோப்பா போகலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்ததும் முதலில் தேடுவது விமான டிக்கெட் விலையை. அது மலிவாகக் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால், ஒரு வாரப் பயணத்தில் பையைக் காலி செய்வது டிக்கெட் மட்டுமல்ல. ஊர் மாறும் எண்ணிக்கையும்தான். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் ரயில் கட்டணம், ஸ்டேஷனுக்குப் போய்வரும் செலவு, பெட்டிகளை லாக்கரில் வைக்கும் வாடகை என்று பணம் கரைகிறது. பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகலில்தான் அறை தருவார்கள் என்பதால் அரை நாளும் சேர்ந்து போகிறது. கையில் ஏழு நாள்தான் என்றால் ஒரே ஊரில் தங்குவதே சிக்கனம். பாரிஸை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிளம்பும் முன்பே ஆகும் செலவு

ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் இல்லை. அப்பா, அம்மா, 14 வயதில் ஒரு பெண், 8 வயதில் ஒரு பையன் என்றால் மொத்தம் 315 யூரோ. யூரோ மதிப்பு 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு என்று வைத்தாலே 31,500 ரூபாய். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. அதனால் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளையே செய்ய வேண்டும்.

குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். ஹோட்டல் முன்பதிவு இருப்பவர் நாளொன்றுக்கு 65 யூரோவும், இல்லாதவர் 120 யூரோவும் காட்ட வேண்டும் என்பது பிரான்ஸின் கணக்கு. பல நாடுகளுக்குப் போகிறவர்கள் எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஊர் என்றால் அந்தக் குழப்பமும் இல்லை.

டிராவல் ஏஜென்சியிடம் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் வரியும் சேர்த்துப் பிடிப்பார்கள். அது வீணாகிற பணமல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டியது இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ஆனாலும் சில மாதங்களுக்கு அந்தத் தொகை முடங்கும் என்பதால் பட்ஜெட்டில் அதற்கும் இடம் வேண்டும்.

திங்கட்கிழமை இறங்குங்கள்

பாரிஸில் மெட்ரோ, புறநகர் ரயில்களுக்கு 2025 ஜனவரியில் ஒரே கட்டணம் கொண்டுவந்தார்கள்: ஒரு பயணத்துக்கு 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், அப்போது 13 யூரோ. அதே 2025-இல் ‘நாவிகோ’ வாராந்தர பாஸின் விலை 31.60 யூரோவாக இருந்தது, அட்டைக்கு 5 யூரோவும் ஒரு சிறிய போட்டோவும் வேண்டும். இந்த பாஸ் விமான நிலையப் பயணத்துக்கும் செல்லும். 2025 விலையில் போக வர இரண்டு விமான நிலைய டிக்கெட்டே 26 யூரோ ஆனதால், ஊருக்குள் ஐந்தாவது மெட்ரோ பயணத்திலேயே போட்ட பணம் வந்துவிட்டது.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல, திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். திங்களன்று இறங்கி ஞாயிறன்று கிளம்புகிறவருக்கு முழு லாபம். வியாழக்கிழமை இறங்குகிறவருக்கு நான்கு நாள்தான்.

பாஸ் இல்லாமல் நான்கு பெரியவர்கள் பெட்டிகளோடு சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கினால், 2025 விலையிலேயே ரயிலுக்கு 52 யூரோ. அங்கிருந்து டாக்சிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் சீன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. அந்த நால்வருக்கும் டாக்சியே மேல்.

காசில்லாமல் பார்க்கக் கிடைப்பவை

லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. அதற்கு முன் எல்லோருக்கும் 22 யூரோதான். கணவன் மனைவிக்கு 64 யூரோ. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. பாரிஸ் மாநகராட்சியின் கர்னவலே, பெத்தி பலே அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஓர்ஸே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசம். 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்குள் நுழையவும் பணம் கிடையாது.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. முழுச் சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல உணவகங்களில் மதியத்துக்கு மட்டும் குறைந்த விலையில் செட் மெனு கிடைக்கும். பாட்டில் தண்ணீருக்குப் பணம், ஜாடியில் வைக்கும் குழாய்த் தண்ணீர் இலவசம். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம் என்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. இரவு தோசையோ கொத்து ரொட்டியோ வேண்டுமென்றால் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பல் பகுதிக்கு நடக்கலாம். ஈழத்தமிழர்கள் நடத்தும் உணவகங்களும் மளிகைக் கடைகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

கடைகளில் கார்டு தேய்க்கும்போது, ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா’ என்று மெஷின் கேட்கலாம். யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின் சொல்லும் மாற்று விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம்தான்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் கோடை விடுமுறையில் மே மாதம் போய்வரலாம். அப்படி நினைப்பவர்கள் நவம்பரிலேயே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்: ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும்.