மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்?

தை மாசப் பனியில் எங்க அப்பா ஏரியில் வழி தெரியாமல் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார். விமானத்துக்கு நங்கூரம் ஏது?

2001 செப்டம்பர் 30 அன்று முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா போன சிறிய தனியார் விமானம், மோசமான வானிலையில் உத்தரப்பிரதேச மைன்புரி அருகே விழுந்தது. 8 பேரும் இறந்தார்கள்.

மேகத்துக்குள் தொடுவானம் மறைந்துவிடும். அப்போது சாய்வை அறிய மூளை காதுக்குள் இருக்கும் திரவத்தையே நம்பும். விமானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவமும் கூடவே சுற்றும். அதனால் சரிந்து இறங்கும்போதும் நேராகப் போவதாகத்தான் தோன்றும்! 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்திலும், திடீரென மேகத்துக்குள் நுழைந்து விமானி திக்கு குழம்பியதாக முப்படை விசாரணையில் சொன்னார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே உண்டு.

அப்பாவுக்கும் அன்னிக்குப் படகு நேராகப் போற மாதிரியே இருந்ததாம். ஆனா கிளம்பின வலைக்கம்புலயே வந்து முட்டிச்சாம்.