செவ்வாய்க்குப் போக முகூர்த்தம்!

ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏற நினைப்பவன், பஸ் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்தா ஓடுகிறான்? அது வரப்போகும் இடத்தைப் பார்த்தல்லவா ஓடுகிறான்! கிரகம் விட்டுக் கிரகம் போவதற்கும் இதுதான் சூத்திரம்.

இதை விளையாட்டாகவே கற்றுக் கொடுக்கிறது, 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. மெக்ஸிகோ நகரத்தில், விளம்பர வேலை செய்து வந்த ஸ்குவாட் கம்பெனியில் பிறந்து, 2011-ல் வெளிவந்தது. கெர்பின் என்ற கிரகத்தில் வாழும் பச்சைக் குள்ளர்களை ராக்கெட்டில் ஏற்றி, டூனா என்ற சிவப்புக் கிரகத்துக்கு நீங்கள் அனுப்ப வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர் என்ன செய்வார்? "அதோ டூனா!" என்று ராக்கெட்டின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி முடுக்கிவிடுவார். போய்ச் சேருவதற்குள் டூனா நகர்ந்திருக்கும்; எரிபொருளும் தீர்ந்திருக்கும். பாவம் குள்ளர்கள், சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

சிக்கனமான வழியை 1925-லேயே வால்ட்டர் ஹோமன் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்தார். சூரியனைப் பாதி வலம் வந்து மறுபுறம் சேருவதே அந்த வழி. நம் செவ்வாயை வைத்துக் கணக்குப் பார்ப்போமா? அப்படிப் போக ஏறக்குறைய 259 நாள் ஆகும். செவ்வாய் ஒரு சுற்றுச் சுற்ற 687 நாள். எனவே 259 நாளில் சுமார் 136 டிகிரி நகர்ந்துவிடும். கப்பல் போக வேண்டியதோ 180 டிகிரி. கழித்தால் மிச்சம் 44. செவ்வாய் பூமிக்கு 44 டிகிரி முன்னால் இருக்கும்போது புறப்பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். டூனாவுக்கும் ஏறக்குறைய இதே 44 தான்!

முகூர்த்தம் தவறினால்? விளையாட்டில் கவலையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வருஷங்கள் நிமிஷமாக ஓடிவிடும். நிஜத்தில் அந்தப் பொத்தான் ஏது? அமெரிக்காவின் 'இன்சைட்' கலம் 2016 மார்ச்சில் செவ்வாய்க்குக் கிளம்ப இருந்தது. நில அதிர்வை அளக்கும் கருவியின் வெற்றிடக் கூட்டில் நுண்ணிய கசிவு! சரி செய்வதற்குள் வேளை போய்விட்டது. அடுத்த முகூர்த்தம் 26 மாதம் கழித்துத்தான். காத்திருந்து 2018 மே 5-ஆம் தேதி கிளம்பியது. நவம்பர் 26-ல் இறங்கியது. பழுது பார்த்த அதே கருவி, பிறகு செவ்வாயில் 1,300-க்கு மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது.

பொறுத்தார் பூமி ஆள்வாராம். செவ்வாயை ஆளவும் பொறுமைதான் வேண்டும் போலிருக்கிறது!