கதிரவனைக் கல் என்றவர்

வானில் நாள்தோறும் எழும் கதிரவன் தெய்வமா, அன்றி நெருப்பாய்க் கனலும் ஒரு பொருளா? இவ்வினாவை இன்று நாம் அச்சமின்றி எழுப்பலாம். ஏறத்தாழ 2,450 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் இதற்கு விடை கூறிய ஒருவர், அதன் காரணமாகவே குற்றம் சாட்டப்பெற்றார். அவரே அனாக்சகோரஸ் என்னும் கிரேக்க அறிஞர்.

கி. மு. 500-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த கிளாசோமினே நகரில் அவர் பிறந்தார். செல்வக் குடியில் தோன்றியும், சொத்தை உறவினரிடம் விட்டுவிட்டு அறிவைத் தேடிப் புறப்பட்டார் என்பர். கடல் கடந்து ஏதென்ஸை அடைந்து அங்கே நெடுங்காலம் வாழ்ந்தார். அந்நகரின் தலைவரான பெரிக்ளிஸ் அவருக்கு நண்பரும் மாணவரும் ஆனார்.

அவருடைய கொள்கை யாது? நாம் உண்ணும் ரொட்டியில் தசையைக் காண்கிறோமா? எலும்பைக் காண்கிறோமா? இல்லை, ஆயினும் அதை உண்டே இவை வளர்கின்றன. இல்லாததிலிருந்து ஒன்று தோன்ற இயலாது. ஆகவே, ஒவ்வொரு பொருளிலும் எல்லாப் பொருள்களின் கூறும் நுண்ணிதாய்க் கலந்துள்ளது. எது மிகுந்துள்ளதோ அதன் பெயரால் பொருளை அழைக்கிறோம் என்று அவர் முடிவு செய்தார். தொடக்கத்தில் ஒன்றாய்க் கலந்து கிடந்த யாவற்றையும் சுழலச் செய்து பிரித்தது எது? எதனோடும் கலவாத ‘நூஸ்’, அதாவது அறிவு, என்றார்.

அச்சுழற்சியில் பூமியிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட கற்களே விண்மீன்கள். கதிரவன் பெலொப்பொனீசஸ் நிலப்பகுதியினும் பெரியதொரு கனல் பாறை. திங்களிலும் மேடு பள்ளங்கள் உண்டு என்பன அவர் கூற்றுகள். கி. மு. 467-ஐ ஒட்டி ஏகோஸ்பொட்டாமி என்னுமிடத்தில் வானிலிருந்து பெருங்கல் ஒன்று விழுந்தது. வானிலும் கற்கள் உண்டு என்னும் கருத்துக்கு அது வலுவூட்டியது.

திங்களுக்குத் தன்னொளி இல்லை, கதிரவனின் ஒளியையே அது பெறுகிறது என்றும் அவர் கண்டார். பூமி இடையே வந்தால் திங்கள் மறைகிறது. திங்கள் இடையே வந்தால் கதிரவன் மறைகிறான். கிரகணத்திற்கு நாம் இன்று பள்ளியில் கற்கும் விளக்கம் இதுவே அன்றோ?

அவர் கூறியவை யாவும் சரியல்ல. பூமி தட்டையானது என்றே அவர் நம்பினார். கதிரவன் பாறையன்று, வெப்பமிக்க வாயுத்திரள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். எனினும், வானத்துப் பொருள்களும் மண்ணுலகப் பொருள்களைப் போன்றவையே என்ற அடிப்படை எண்ணம் பிழைபடவில்லை.

ஏதென்ஸ் மக்கள் பலர் கதிரவனைக் கடவுளாகப் போற்றியவர்கள். தெய்வ நிந்தனை என்னும் குற்றம் அவர்மேல் சுமத்தப்பட்டது. பெரிக்ளிஸின் பகைவர்கள் அவரைத் தாக்க எண்ணியே நண்பரைக் குறிவைத்தனர் என்பது புளூட்டார்க் தரும் செய்தி. முதுமையில் அனாக்சகோரஸ் ஏதென்ஸை விட்டு வெளியேறினார். கி. மு. 399-இல் சாக்ரடீஸ் விசாரிக்கப்பட்டபோதும் இக்கருத்துகள் பேசப்பட்டன. அவை அனாக்சகோரஸின் நூலில் உள்ளவை, அந்நூலை ஒரு திராக்மாவுக்கு வாங்கலாம் என்று சாக்ரடீஸ் விடையிறுத்ததாகப் பிளேட்டோ எழுதியுள்ளார்.

பிறந்த நாட்டில் அக்கறை இல்லையா என்று வினவியவரிடம், மிகவும் உண்டு எனக் கூறி அனாக்சகோரஸ் வானத்தைச் சுட்டிக் காட்டினார் என்றொரு பழங்கதை உண்டு. பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அவ்விடையின் ஆழம் எளிதில் புலப்படும். ஏதென்ஸ் கைவிட்டவரை லாம்ப்சாகஸ் நகரம் ஏற்றுப் போற்றியது. கி. மு. 428-ஐ ஒட்டி அவர் அங்கே மறைந்தார். தம் நினைவாகச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் விடுமுறை அளிக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட சிறப்பு என்பர்.

இன்று நிலவின் வடதுருவத்தருகே ஒரு பெரும்பள்ளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 ஆகஸ்டு 23 அன்று நம் நாட்டின் சந்திரயான்-3 கலம் தென்துருவப் பகுதியில் இறங்கி, அந்நிலத்து மண்ணையே ஆராய்ந்தது. அடுத்த சந்திர கிரகணத்தைக் காணும்போது, அதன் காரணத்தை உரைத்ததற்காக ஊரிழந்த முதியவரையும் நாம் நினைவுகூர்வோமாக.